வாளுக்கு அந்தப் பக்கம் நின்றவள்

மகனே,

தீபாவளிக்கு நீயும் நிரோஷாவும் மடுல்சீமைக்கு வந்திருந்தபோது, வாங்கப்போகிற வாள் மிஷின் என்று உன் போனில் மூன்று படங்கள் வைத்திருந்தாய். அப்பாவிடம் காட்டினாய். உன் பெண்டாட்டியிடம் காட்டினாய். பலகாரம் கொடுக்க வந்த பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற ஆளிடம்கூடக் காட்டினாய். நான் அடுப்படியில் இருந்தேன் என்பது உண்மைதான். ஆனால் நம் அடுப்படிக்கும் முன் அறைக்கும் நடுவே ஒரு பழைய சேலைதான் தொங்குகிறது, மலையும் ஆறும் இல்லை. "அம்மா, இதில் எது நல்லது?" என்று எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சரி, கேட்காமலே சொல்கிறேன். பிள்ளை மடுவத்தில் நான் பார்த்துக்கொள்கிற குழந்தைகள் மத்தியானம் தூங்குகிற நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துப் படி. உறையை ஒட்டாமல்தான் அனுப்புவேன். உனக்கு முன்னால் யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

உன் ஆசை எனக்குப் புரிகிறது. கந்தோரில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போகிறது, கைக்கு ஒரு வேலை வேண்டும் என்றாய். பதுளையில் கட்டிய வீட்டில் கராஜ் சும்மா கிடக்கிறது, அதில் மர வேலை செய்யப்போகிறேன் என்றாய். நல்லதுதான். அப்பா அந்த மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கால் வைத்த சின்ன மிஷின் வேண்டாம், ஆடும், பெட்டி மாதிரி அடிப்பாகம் உள்ள கேபினெட் சோதான் வேண்டும் என்பதில் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு. ஒன்று ஜப்பானில் பாவித்துப் பழசாகிக் கொழும்புக்கு வந்தது. ஒன்று பெட்டி பிரிக்காத சீனச் சாமான். மூன்றாவது, தோல் பட்டால் அந்த நொடியே வாள் நின்றுவிடும் என்கிற விலை கூடிய மிஷின். அதற்கு ஒரு வீடியோவும் போட்டுக் காட்டினாய். ஒருத்தர் பலகையோடு சேர்த்து, விரலுக்குப் பதிலாக ஒரு சொசேஜை வாளில் தள்ளுகிறார். டக்கென்று சத்தம், வாள் உள்ளே போய்விட்டது, சொசேஜில் ஒரு கீறல் மட்டும். எல்லோரும் சிரித்தீர்கள். அப்பா சொன்னார், "இது பயந்தாங்கொள்ளி மிஷின்டா. பச்ச மரத்த வச்சா சும்மா சும்மா நின்னுடும்." அந்த நேரத்தில்தான் நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். வலது கையில் பெருவிரலும் கடைசி இரண்டு விரல்களுமாக அந்தத் தட்டைப் பிடித்திருந்தேன். நடுவில் இருக்க வேண்டிய இரண்டும் இல்லை. நீ தட்டிலிருந்து கோப்பையை எடுத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அந்தச் சொசேஜை இரண்டாவது தடவை ஓடவிட்டாய்.

அதைக்கூட நான் விட்டிருப்பேன். நம் வீட்டு ஆண்களுக்குக் கண் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அதற்குப் பிறகு நிரோஷா, "நீள பலகையெல்லாம் தனியா எப்புடி அறுப்பீங்க?" என்று கேட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை, சரியான கேள்வி. நீ சொன்னாய், "நீ அந்தப் பக்கம் நின்னு புடிச்சா போதும். நம்ம அம்மாவும் அப்புடித்தான் நின்னாங்க." அவள் திரும்பி என் கையைப் பார்த்தாள். அந்த அறையில் அதைப் பார்த்தது அவள் ஒருத்திதான். உடனே நீ குரலைத் தாழ்த்தி, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "அது, அம்மா அவசரப்பட்டு இழுத்துட்டாங்க. நீ இழுக்காம புடிச்சா ஒண்ணும் ஆகாது" என்றாய். அவள் "சரி" என்றாள். மகனே, அந்தச் "சரி" இருக்கிறதே, அதை நான் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் சொன்னேன். அதே குரலில் சொன்னேன்.

நான் இழுக்கவில்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன். நான் இழுக்கவில்லை.

உன் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் தச்சு வேலை செய்தார், அதனால்தான் ஊரே அவரைப் பாஸ் என்று கூப்பிடும். பதுளையில் கட்டில் மேசை செய்து விற்று மூடிவிட்ட ஒரு தளபாடக் கடையிலிருந்து அந்தப் பழைய வாள் மிஷினை வாங்கி வந்து, நாம் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அதில் வைத்தார். தோட்டத்துத் துரையிடம் கேட்டுக்கொண்டு போட்ட கொட்டகை இல்லை, அதை ஞாபகம் வைத்துக்கொள். நான் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையை இறக்கி வைத்ததும் கூப்பிடுவார். "ஏ புள்ள, கொஞ்சம் வந்து புடி." அந்தக் கொஞ்சம் பொழுது சாயும் வரைக்கும் போகும். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலிருந்தே. அவர் இந்தப் பக்கம் நின்று பலகையைத் தள்ளுவார். வாளைத் தாண்டி வருகிற பலகையை நான் அந்தப் பக்கம் தாங்கிக்கொள்வேன், இல்லாவிட்டால் அது பாரத்தில் கீழே சாயும். முகத்தில் மரத்தூள் அடிக்கும். தலையில் துண்டு கட்டிக்கொள்வேன். இப்படிப் பதினொரு வருடம். அந்தப் பதினொரு வருடத்தில் உன் அப்பா இந்தத் தோட்டத்துக்குச் செய்துகொடுத்த மேசைகளை எண்ண முடியாது. பள்ளிக்கூடத்துக்கு, கோயில் மடத்துக்கு, கிளார்க் வீடுகளுக்கு, தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு. ஒரே ஒரு மேசை மட்டும் அவர் செய்யவில்லை. மிஷினுக்குப் பின்னால் அதே உயரத்தில் ஒரு மேசை போட்டால் பலகை தானாக அதில் வந்து படுத்துக்கொள்ளும், யாரும் பிடிக்க வேண்டியதில்லை. மரம் தெரிந்த எவனுக்கும் இது தெரியும். அவருக்கும் தெரியும். செய்யவில்லை. ஏன் செய்ய வேண்டும், நான்தான் இருந்தேனே.

இப்போது அந்த நாள். வாளுக்குப் பின்னால், அதே நேர்க்கோட்டில், ஒரு மெல்லிய இரும்புத் தகடு நிற்கும். அறுபட்ட பலகையின் இரண்டு பக்கமும் திரும்ப ஒட்டி வாளை நெருக்காமல் பார்த்துக்கொள்வது அந்தத் தகடு. பச்சை மரத்துக்கு அது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பச்சை மரம் அறுக்க அறுக்க வளைந்து மூடும். ஆயுத பூசைக்கு அப்பா மிஷினைக் கழற்றி மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார். நீ பார்த்திருக்கிறாய், உளி, இழைப்புளி, சுத்தியல் எல்லாம் வரிசையாகச் சாமி படத்துக்கு முன்னால், ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். அந்த வருடம் கழற்றிய தகட்டையும் அதன் ஆணிகளையும் அங்கேயே வைத்தோம். மறுநாள் கணக்கப்பிள்ளை வந்து நின்றார். அவர் மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம், கட்டிலும் அலுமாரியும் இன்னும் மரமாகவே கிடக்கின்றன. "என்னா பாஸ், சாமி கும்புட்டது போதாதா? வேலைய பாருங்க" என்றார். அப்பா வாளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, மிஷினைப் போட்டார். போட்டுவிட்டு என்னிடம் கேட்டார், "அந்தத் தகடு எங்க புள்ள?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொன்னேன், "சாமிகிட்ட இருக்கு. வச்சத பாதியில எடுக்கக் கூடாதுங்க. வெள்ளிக்கிழம வெளக்கு வச்சிட்டு எடுத்துத் தாறேன்." என் அம்மா வீட்டுப் பழக்கம் அது. பூசையில் வைத்ததை வெள்ளிக்கிழமை வரை அசைக்க மாட்டோம். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, "சரி, மிஷினுக்கும்தானே பூச போட்டிருக்கு" என்று பலகையை எடுத்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து செய்த முட்டாள்தனம். வாளுக்குப் பின்னால் நிற்க வேண்டிய தகடு குங்குமம் வைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால் இருந்தது, அதன் இடத்தில் நான் நின்றேன். ஈரம் காயாத யூக்கலிப்டஸ் பலகை. வாளைத் தாண்டி ஒன்றரை அடி வந்திருந்தது. நான் அதன் நுனியைத் தாங்கிப் பிடித்திருந்தேன். பலகை மூடி வாளைக் கவ்வியது. கவ்விய வேகத்தில் வாள் பலகையை அவர் பக்கமாக எறிந்தது. அவர் ஓரமாக நிற்கிற பழக்கம் உள்ளவர், தப்பித்தார். பலகை போன பக்கம் அதைப் பிடித்திருந்த என் கையும் போனது. நான் பலகையை இழுக்கவில்லை, பலகைதான் என்னை இழுத்தது. வலி உடனே தெரியவில்லை. மரத்தூள் சிவப்பாக இருந்ததைத்தான் முதலில் பார்த்தேன்.

கொழுந்து லொறியில்தான் பதுளைக்குக் கொண்டுபோனார்கள், சாக்குகளுக்கு நடுவே உட்காரவைத்து. அந்தப் பாதை உனக்குத் தெரியும், ஒவ்வொரு குழியும் என் கையில் ஏறியது. ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் கேட்டார், எப்படி நடந்தது என்று. அப்பா சிங்களத்தில் பதில் சொன்னார், இவள் அவசரப்பட்டு இழுத்துவிட்டாள் என்று. எனக்குச் சிங்களம் பேசத்தான் வராது, விளங்கும். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் குனிந்து என்னிடம் கேட்டார், "அப்புடியாம்மா நடந்துச்சு?" நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாங்க, நான்தான் அவசரப்பட்டேன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று நீ கேட்கலாம். பயம். தகடு இல்லாமல் மிஷின் ஓட்டினார் என்று ஊர் பேசினால் கொட்டகை கதை துரையின் காதுக்குப் போகும், கொட்டகை போனால் மிஷின் போகும், மிஷின் போனால் பதுளையில் போர்டிங்கில் தங்கி ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நீ திரும்பி லயத்துக்கு வர வேண்டியதுதான். இது ஒரு காரணம். இன்னொன்று, வெள்ளிக்கிழமை என்று சொன்னது நானே. அந்தக் குற்றம் என் வாயை அடைத்தது. ஆனால் பொய் ஒருநாள் பொய்யாக இருக்கும் என்று நினைத்தேன், அது குடும்பக் கதையாகிவிடும் என்று நினைக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வார்டுக்கு ஓடி வந்தாய். வெள்ளைச் சட்டையோடு கட்டில் ஓரத்தில் நின்று நீ முதலில் கேட்டது, "ஏம்மா அவசரப்பட்டீங்க?" அழுதுகொண்டேதான் கேட்டாய். இருந்தாலும் கேட்டாய். விரல் போனதைவிட அது எனக்கு வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. அப்பா பக்கத்தில்தான் நின்றார். அவர் அன்றைக்கு வாயைத் திறந்து, "அவ இல்லடா, நான்தான்" என்று சொல்லியிருந்தால், மற்ற எல்லாவற்றையும் நான் மறந்திருப்பேன். நானும் சொல்லவில்லை. உனக்கு ஒரு பொய்யைக் கொடுத்து வளர்த்தது என் தவறு, அதை நீ உன் பெண்டாட்டிக்குக் கொடுக்கிறாய்.

கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தேன். கொட்டகைப் பக்கம் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் துணி காயப்போடுகிற கொடி அங்கேதானே இருக்கிறது. போய்ப் பார்த்தால், மிஷினுக்குப் பின்னால் ஒரு மேசை. அதே உயரம். மேலே வழுவழுப்பாக இழைத்து, பலகை தடுக்காமல் ஏற முன் ஓரத்தைச் சரித்து, ஆடாமல் இருக்கக் காலுக்குக் குறுக்குச் சட்டமும் அடித்து, அவ்வளவு நேர்த்தி. மிச்சம் கிடந்த பலகையில் செய்தது. பக்கத்து லயத்து அக்கா சொன்னாள், அரை நாளில் முடித்துவிட்டாராம். நான் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாம் நாள். கணக்கப்பிள்ளைக்குக் கட்டில் கொடுக்க வேண்டுமே, பலகை பிடிக்க ஆள் இல்லையே. நான் நின்று நின்று மண் தேய்ந்த இடத்தில் அந்த மேசையின் கால்கள் நின்றன. நான் அதைக் கையால் தடவிப் பார்த்தேன். அதற்குப் பிறகு உன் அப்பா என்னை ஒருநாளும் கூப்பிடவில்லை. கங்காணியும் கூப்பிடவில்லை. இரண்டு விரல் இல்லாமல் கொழுந்து கிள்ள முடியாது, பிள்ளை மடுவத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தத் தகடோ இன்றைக்கும் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சாமிக்கு வைத்த பொருள், உயிரையாவது காப்பாற்றியது என்று யாரோ சொல்ல, அப்பா அதை எடுக்கவில்லை, மிஷினுக்கு வேறு தகடு வெட்டிப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூசைக்கு அதற்குக் குங்குமம் வைப்பது நான். எந்தக் கையால் என்று நீ பார்த்ததில்லை.

இப்போது உன் மிஷினுக்கு வருகிறேன். அப்பா சொன்னது பொய் இல்லை. பாரமாக இருக்க வேண்டும், மேசை வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும், பலகை ஒட்டிப் போகிற ஓரச் சட்டம் வாளுக்கு நேராகப் பூட்ட வேண்டும், உன் வீட்டுக் கரண்ட் அந்த மோட்டாரைத் தாங்குமா என்று வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். இதெல்லாம் தள்ளுகிறவன் நிற்கிற பக்கத்துச் சங்கதி. நான் மிஷினை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவள். கடைக்குப் போனால் முதலில் பின்னால் போய் நில். தகடு இருக்கிறதா? வாளை ஏற்றும்போது அதுவும் கூடவே ஏறுகிறதா, சாய்க்கும்போது கூடவே சாய்கிறதா? அதைக் கழற்றி மாட்டச் சாவி தேட வேண்டுமா, கையாலேயே முடியுமா? கஷ்டமாக இருந்தால் ஒருநாள் கழற்றுவாய், பிறகு மாட்ட மாட்டாய், அது மனுசனுக்கு இயற்கை. அந்த ஜப்பான் மிஷினின் படத்தில் தகட்டைக் காணோம், அப்பா அதைப் பெரிதாக்கியபோது சேலையை விலக்கிப் பார்த்துவிட்டேன். தொலைந்திருக்கும். வேறு தகடு கிடைக்காது என்றால் அந்த மிஷின் உனக்கு வேண்டாம். நிறுத்துகிற பொத்தான் முழங்காலால் தட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், கை இரண்டும் பலகையில் இருக்கிற நேரத்தில்தான் நிறுத்த வேண்டிவரும். அந்தப் பயந்தாங்கொள்ளி மிஷினை வாங்க வசதி இருந்தால் வாங்கு. பச்சை மரத்துக்கு நின்றுவிடும் என்றால் மரத்தைக் காயவை, என்ன அவசரம்? பயந்த மிஷின் ஒன்று நம் கொட்டகையில் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை வலது கையால் எழுதியிருப்பேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உன் கராஜை அள. மிஷினுக்கு முன்னால் எவ்வளவு நீளப் பலகை பிடிக்குமோ, அவ்வளவு இடம் பின்னாலும் வேண்டும். நான் அங்கே வந்து பார்த்தவள்தான், அது ஒரு முச்சக்கர வண்டிக்குக் கட்டிய அறை. நடுவில் மிஷினை வைத்தால் பின்னால் சுவர்தான் இருக்கும், கதவைத் திறந்து பலகையை வெளியே விட வேண்டிவரும், அப்போதுதான் உனக்கு நிரோஷாவின் ஞாபகம் வரும். இடம் போதாது என்றால் சின்னப் பலகைக்கு ஏற்ற சாமான் செய். இல்லை, பெரிய பலகைதான் வேண்டும் என்றால் சுவரை இடி. மேசையைக் கட்டி முடித்துவிட்டு மிஷினை வாங்கு. மிஷினை வாங்கிவிட்டு மேசையைக் கட்டலாம் என்று சொல்லாதே. அந்தப் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். "அடுத்த மாசம் போட்டுடலாம் புள்ள" என்று உன் அப்பா சொன்ன அடுத்த மாதங்களை எல்லாம் நான் நின்றே கழித்தேன்.

இதை இவ்வளவு தூரம் எழுதி நேற்றுச் சாயந்திரம் உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முதுகுக்குப் பின்னால் அனுப்புவது எனக்கு வேண்டாம். கொட்டகையில் அந்தப் பின் மேசை மீது உட்கார்ந்து கேட்டார். ஆஸ்பத்திரி வந்தபோதும் பேசவில்லை, நீ வார்டுக்கு வந்த இடம் வந்தபோதும் பேசவில்லை. முடித்ததும் கொஞ்ச நேரம் மேசை ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அர நாளா? காலையில தொடங்கி இருட்டுற வரைக்கும் ஆச்சு. அத மாத்தி எழுது" என்றார். அவ்வளவுதான். பதினாலு வருடத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் எதிர்பார்த்தது வேறு. சரி, மாற்றி எழுதிவிடுகிறேன், மகனே. அரை நாள் இல்லை. ஒரு நாள்.

இன்னொன்றும் செய்தேன், அதையும் மறைக்கவில்லை. இன்று காலையில் நிரோஷாவுக்குப் போன் பண்ணினேன், நீ கந்தோருக்குப் போன பிறகு. எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளிக்கிழமைக் கதை உட்பட. "அப்ப அவரு சொன்னது பொய்யா அத்த?" என்று கேட்டாள். "அவனுக்கு அது பொய்னு தெரியாதும்மா. நாங்கதான் அப்புடிச் சொல்லி வச்சோம்" என்றேன். உனக்காக அந்த மட்டும் பேசினேன். பிறகு அவள் கேட்டாள், "நான் சரின்னு சொல்லிட்டேனே. இனி அவரு வந்து புடின்னு கூப்புட்டா என்ன சொல்றது?"

நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நீ கூப்பிடும்போது அவள் வருவாள். கையைக் கட்டிக்கொண்டு உனக்குப் பக்கத்தில், தள்ளுகிற பக்கத்தில் வந்து நிற்பாள். நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள், "மேச எங்க?"

அதற்குப் பதில் வைத்துக்கொண்டு மிஷினை வாங்கு.

அம்மா